"அதே கவர், குறைந்த பிரீமியம்" என்று யாராவது வந்தால், ஷெட்யூலில் ஒரு தேதியைப் பாருங்கள்

உலோக உதிரிபாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துச் சுத்தம் செய்து தரும் சிறிய ஆலை எங்களுடையது. பதினான்கு வருடமாக ஓடுகிறது. எங்கள் ஆலையால் மண்ணோ தண்ணீரோ மாசுபட்டால் ஆகும் செலவுக்கான மாசுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து ஆறு வருடம் முடிந்திருந்தது, ஒரு முறைகூடப் பிரீமியம் தவறியதில்லை. இன்று என் மேசையில் இரண்டு மறுப்புக் கடிதங்கள் கிடக்கின்றன. "பாலிசி முடிந்த பிறகு வந்த கிளெய்ம், எங்களைச் சேராது" என்கிறது பழைய நிறுவனம். "எங்கள் பாலிசி தொடங்கும் முன்பே ஆரம்பித்த கசிவு, எங்களைச் சேராது" என்கிறது புதிய நிறுவனம். ரசாயனமோ சாயமோ எரிபொருளோ வைத்துத் தொழில் செய்கிற யாரும் இப்படி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதுப்பிக்க மூன்று வாரம் இருந்தபோது வேறொரு நிறுவனத்தின் பாலிசியோடு காப்பீட்டு ஏஜென்ட் ஒருவர் வந்தார். என்னைவிட வயதில் சிறியவர், பல வருடப் பழக்கம், வீட்டு விசேஷங்களுக்கு வந்துபோகிறவர். "அண்ணே, அதே கவர்தான். பிரீமியம் மட்டும் கால்வாசி குறையும்" என்றார். "பழசுல இருக்கிறதெல்லாம் இதுல இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் கவர் ஆகும்ணே, நான் இருக்கேன்ல" என்றார். கையில் கொடுத்தது நான்கு பக்க வண்ணக் காகிதம். அதை நம்பிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். முழுப் பாலிசி ஐந்து வாரம் கழித்து மின்னஞ்சலில் வந்தது, அறுபது பக்கத்துக்கு மேல். முதல் பக்கத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர், கவர் தொகை, காலம் மூன்றும் சரியாக இருந்தன. அதோடு மூடிவிட்டேன்.

ஏழு மாதம் போனது. ஒரு நாள் காலையில் பக்கத்து இடத்துக்காரர் கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்து நின்றார். "இதை மோந்து பாருங்கண்ணே" என்றார். மூடியைத் திறந்ததும் லேசான தித்திப்பு வாடை. அந்த வாடையோடு பதினான்கு வருடம் இருந்தவன் நான், ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ட்ரைகுளோரோஎத்திலீன். நாங்கள் பிசுக்கு எடுக்கப் பயன்படுத்தும் கரைப்பான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்த பொருள். அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அவருடைய போர்வெல் தண்ணீரில் 340 இருந்தது. அதைத்தான் அவருடைய வீட்டில் சமையலுக்கும் எடுத்திருக்கிறார்கள்.

கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தரையை உடைத்தோம். மேலே பார்த்தால் நல்ல தரை, மயிரிழை விரிசல்தான். கான்கிரீட்டைப் பெயர்த்தபோது கீழே ஓடும் கழிவுக் குழாயின் இணைப்பில் ரப்பர் வளையம் இறுகி, விரலால் தொட்டதும் பிஸ்கட் போல உடைந்தது. சுற்றியிருந்த மண் கறுத்து, அள்ளிய கை எரிந்தது. இந்தக் கரைப்பான் எண்ணெயைப் போல் தண்ணீர் மேல் மிதக்காது. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே இறங்கி, நீர் புகாத களிமண் அடுக்கு வந்ததும் அதன் மேல் குட்டையாகத் தேங்கும். அங்கிருந்து வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நீர் போகும் திசையில் போய்க்கொண்டே இருக்கும். சொட்டுச் சொட்டாகக் கசிந்ததால்தான் எங்கள் கணக்கில் இழப்பே தெரியவில்லை. ஆவியாகிப் போகிற அளவுக்குள் அது அடங்கிவிட்டது.

அன்றே புது நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்தேன். இழப்பை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்தார், மரியாதையாகப் பேசினார், நிலத்தடி நீர் நிபுணரின் அறிக்கை வேண்டும் என்றார். எங்கள் செலவில் நிபுணரை வைத்தோம். ஐந்து இடத்தில் துளை போட்டு, மாசு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, நீர் எந்த வேகத்தில் நகர்கிறது என்று கணக்கிட்டார். கசிவு தொடங்கிக் குறைந்தது மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும் என்று எழுதினார். நேர்மையான அறிக்கை, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மறுப்புக் கடிதத்தில் எங்களுக்கு எதிராக எடுத்து வைக்கப்பட்ட ஒரே ஆதாரம் அந்த வரிதான்.

அப்போதுதான் வக்கீல் ஷெட்யூலை, அதாவது பாலிசியில் பெயர், தொகை, தேதிகள் எழுதிய பட்டியலைத் திருப்பி, ஒரு சின்னக் கட்டத்தில் விரல் வைத்துக் காட்டினார். 'ரெட்ரோஆக்டிவ் டேட்'. மாசு அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ தொடங்கியிருந்தால்தான் பாலிசி பேசும். பழைய பாலிசியில் அது நாங்கள் முதன்முதலில் காப்பீடு எடுத்த தேதி, ஆறு வருடம் பின்னால். புதியதில் பாலிசி தொடங்கிய அதே நாள். மாறாது என்று எனக்குச் சொல்லப்பட்ட கவரில், நிறுவனம் மாறிய அந்த ஒரு கையெழுத்தில், ஆறு வருடப் பாதுகாப்பு போய்விட்டது. பிரீமியம் கால்வாசி குறைந்த காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, பழைய நிறுவனம்? கசிவு அவர்கள் காலத்தில்தானே நடந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாசுக் காப்பீட்டில் பெரும்பாலானவை 'கிளெய்ம்ஸ் மேட்' வகை. சம்பவம் எப்போது நடந்தது என்பது மட்டும் போதாது, கிளெய்ம் வந்து நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்போது பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். முடிந்த பிறகு தெரிவிக்கக் கொஞ்சம் நீட்டிப்புக் காலம் தருவார்கள். பல பாலிசிகளில் 30 முதல் 90 நாள் வரை தானாகக் கிடைக்கும், கூடுதல் பிரீமியம் கட்டினால் வருடக்கணக்கில் வாங்கலாம். வேறு நிறுவனத்தில் அதே வகைக் காப்பீடு எடுத்துவிட்டால் அந்த இலவச நாட்களும் போய்விடும் என்று சில பாலிசிகளில் எழுதியிருக்கும். எங்கள் பழைய பாலிசியில் அப்படித்தான் இருந்தது. நீட்டிப்பு வாங்கலாம் என்று ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன். குறைந்த பிரீமியத்தில் மிச்சமானதே அதற்குப் பெருமளவு ஆகியிருக்கும்.

எங்கள் தொழிலால் மற்றவர்களுக்கு நேரும் பாதிப்புகளுக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒன்றும் எங்களிடம் இருந்தது. அதைக் கடைசி நம்பிக்கையாக எடுத்துப் பார்த்தோம். மாசு விலக்கு என்று ஒரு முழுப் பத்தி. இந்த விலக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று வக்கீல் சொன்னார். அமெரிக்காவில் 1970களில் காப்பீட்டு நிறுவனங்கள் மாசுக்கு விலக்குப் போட்டபோது, 'திடீரென, தற்செயலாக' நடந்தால் மட்டும் தருவோம் என்று ஒரு வாசல் விட்டன. திடீர் என்றால் வேகமாகவா, எதிர்பாராமலா என்று நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. 1980ல் அங்கே வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம், பழைய மாசைச் சுத்தம் செய்யும் செலவை நிறுவனங்கள் தலையில் வைத்தது. 1986ல் வந்த நிலையான பாலிசி வடிவத்தில் அந்த வாசலை ஏறக்குறைய முழுக்க அடைத்துவிட்டார்கள். தனி மாசுக் காப்பீடு என்று ஒன்று தேவைப்படுவதே இதனால்தான். பொதுக் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்த விலக்குப் பத்தியை இன்றே தேடிப் படியுங்கள்.

இன்னொரு அடியும் விழுந்தது, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய பாலிசியின் கடைசிப் பக்கங்களில் ஒட்டியிருந்த என்டார்ஸ்மென்ட் (பாலிசி வாசகத்தை மாற்றும் இணைப்பு) ஒன்று, எங்கள் சொந்த இடத்து மண்ணைச் சுத்தம் செய்யும் செலவை நீக்கியிருந்தது. அதாவது தேதி சரியாக இருந்திருந்தாலும் பக்கத்து இடத்துக்காரருக்கு ஆகும் செலவைத்தான் தந்திருப்பார்கள். எங்களுக்கு ஆகிற செலவில் பெரும்பங்கு எங்கள் தரைக்குக் கீழேதான். அதோடு, அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தரையை உடைத்தது நிபந்தனை மீறல் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கசிவைக் கண்ணால் பார்த்த பிறகு ஒப்புதல் கடிதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஆனால் உடைக்கும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம்.

ஏஜென்டிடம் கேட்டபோது, "கம்பெனி பாலிசி அண்ணே, நான் என்ன பண்றது" என்றார். அவருடைய 'எல்லாம் கவர் ஆகும்' எந்தக் காகிதத்திலும் இல்லை. வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான்: எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

நிறுவனம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், புது ஷெட்யூலில் பழைய ரெட்ரோஆக்டிவ் தேதியையே போடச் சொல்லுங்கள், அல்லது 'முழு முன்கால கவர்' என்று எழுதி வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை மின்னஞ்சலில் கேளுங்கள். முழுப் பாலிசி வாசகமும் எல்லா என்டார்ஸ்மென்ட்களும் கைக்கு வரும் முன் கையெழுத்து வேண்டாம். எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது: பழைய பாலிசி முடியும் முன் மண்ணையும் தண்ணீரையும் ஒரு தடவை சோதித்திருந்தால் இந்தக் கசிவு அப்போதே தெரிந்திருக்கும். பாலிசி உயிரோடு இருக்கும்போதே அதை எழுதிக் கொடுத்திருக்கலாம், கிளெய்ம் அங்கேயே பதிவாகியிருக்கும்.

பக்கத்து வீட்டுக்குத் தினமும் தண்ணீர் வண்டி அனுப்புகிறோம். அவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறார். தண்ணீரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறோம். கடைசி அளவு 290.

போன வாரம் சாய ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் புதுப்பித்தல் காகிதங்களை எடுத்து வந்தார். அவரும் நிறுவனம் மாறுவதாக இருந்தார். அந்தக் கட்டத்தைப் பார்த்தோம். புதிய பாலிசி தொடங்கும் நாளே ரெட்ரோஆக்டிவ் தேதியாக இருந்தது. பழைய பாலிசி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் எழுதினோம்.