‘பஃபலோ சோல்ஜர்’ வாடகைப் பெட்டி: நம் உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

அமெரிக்க மேற்கு எல்லையில் பணிபுரிந்த, ‘பஃபலோ சோல்ஜர்’ எனப்பட்ட கறுப்பினப் படைவீரர்களைப் பற்றி, பிள்ளைகள் தொட்டும் உடுத்தியும் தெரிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி. மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் வரலாற்று மன்றம் நடத்தும் ஆசிரியர்கள் தாராளமாக எடுக்கலாம். சில திருத்தங்கள் மட்டும் வேண்டும்.

உள்ளே அடர்நீலக் கம்பளிச் சட்டை, வெளிர்நீலக் கால்சட்டை, தண்ணீர்க் குடுவை, தோட்டா வார், தோள்பை, சிலேட்டு, ஆளுக்கொன்றாக அவரவர் கதை சொல்லும் ஆள் அட்டைகள். துப்பாக்கி கிடையாது, 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைனின் படம்தான், அசல் நீளத்தில். நல்ல முடிவு. மரத் துப்பாக்கி இருந்தால் பிள்ளைகள் கண்ணில் வேறெதுவும் படாது.

பெட்டியின் உயிர் குடுவைதான். ஏறக்குறைய 1.4 லிட்டர் பிடிக்கும். 1880இல் மேற்கு டெக்சஸில் அப்பாச்சிப் பூர்வகுடித் தலைவர் விக்டோரியோவைத் துரத்தி ஓடாமல், கர்னல் கிரியர்சனின் கீழிருந்த கறுப்பின 10வது குதிரைப்படை தண்ணீர்ச் சுனைகளை மறித்து உட்கார்ந்தது. குடிக்க வழியில்லாமல் அவர் மெக்சிகோவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த மாவட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். குடுவையைக் கையில் கொடுத்து, ‘இது ஒரு நாளைக்கு, உனக்கும் வெயிலுக்கும்’ என்றால் போதும்.

ஆனால் அது வெள்ளீயம் பூசிய இரும்பு. இரண்டு பாதியும் சேரும் விளிம்பில்தான் முதலில் துரு ஏறும். துணி உறை அதை மறைத்துவிடும். அதிலிருந்து யாரையும் குடிக்க விடாதீர்கள். நனைந்தால் கவிழ்த்து நிழலில் காய வையுங்கள். பித்தளைக் கொக்கியைப் புளி போட்டுத் தேய்க்கலாம், வாரிலிருந்து கழற்றிய பிறகு மட்டும். புளித்தண்ணீர் தோலில் பட்டால் கறை போகாது. ஐப்பசி, கார்த்திகையில் தோலில் பூசணம் பூக்கும். உலர்துணியால் துடைத்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தடவுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். கம்பளிச் சட்டை ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம், உள்ளே பருத்தி பனியனோடு.

ஹார்ட்டாக் என்ற படை ரொட்டி, பெட்டியில் வருவது நமத்துப்போய்தான் வருகிறது. நீங்களே செய்யுங்கள். 2 கப் மாவு, 1 தேக்கரண்டி உப்பு, முக்கால் கப்புக்கு மேற்படாமல் தண்ணீர். ஒரு செ.மீ. கனத்தில் தேய்த்து, மூன்று அங்குலச் சதுரமாக வெட்டி, வரிசைக்கு நாலாகப் பதினாறு துளை. துளை அடிவரை இறங்காவிட்டால் பூரிபோல உப்பி, நடுவில் ஈரம் தங்கும். 190 டிகிரியில் பக்கத்துக்கு அரை மணி நேரம். ஊர் பேக்கரியில் கேட்டால் அடுப்பு மிச்சச் சூட்டில் போட்டுத் தருவார்கள். எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடுங்கள். கடிக்கச் சொல்லாதீர்கள், பல் போகும். காப்பியில் ஊறவைத்துத்தான் அவர்களும் தின்றார்கள்.

அட்டைகளில் மாதம் 13 டாலர் சம்பளம் இருக்கிறது. 1866இல் அமைத்த ஆறு கறுப்பினப் படைப்பிரிவுகள் 1869இல் நான்கானதும் இருக்கிறது. வில்லியம் கேத்தே என்ற ஆண் பெயரில் சேர்ந்த கேத்தே வில்லியம்ஸ், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1877இல் தேறி 1882இல் நீக்கப்பட்டு 1999இல்தான் மன்னிப்புப் பெற்ற ஹென்றி ஃபிளிப்பர், இருவரும் அருமை. சிலேட்டைத் தவறவிடாதீர்கள்: படைப்பிரிவின் பாதிரியாரே வீரர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது 1866 சட்டத்திலேயே இருந்தது. அடிமைத்தளையில் எழுத்து மறுக்கப்பட்டிருந்தவர்கள் அவர்களில் பலர்.

குறை ஒன்று பெரியது. பூர்வகுடிகளுக்கு ஒரு அட்டைகூட இல்லை. யாருடைய நிலத்தில் இந்தப் படை நின்றது என்ற கேள்வி எழாமலே பாடம் முடிந்துவிடும். விக்டோரியோவுக்கு நீங்களே ஒரு அட்டை எழுதிச் சேருங்கள். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் சேதுபதி தஞ்சை மராத்தியரோடு பொரும் சுவரோவியத்தைக் காட்டி, ‘இதை வரையச் சொன்னது யார்?’ என்று முதலில் கேட்டுவிட்டால், அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

முகத்தில் கரி பூசவே கூடாது. மாறுவேடப் போட்டிப் பழக்கத்தில் யாராவது தொடங்குவார்கள். கறுப்பின மக்களைக் கேலி செய்ய அமெரிக்க மேடைகளில் வெள்ளையர்கள் செய்தது அது. ‘நான் ஃபிளிப்பர்’ என்று நடிக்காமல், ‘ஃபிளிப்பர் இதை உடுத்தினார்’ என்று சொல்லட்டும்.

ஜூலை 28, படைப்பிரிவுகளுக்கான சட்டம் வந்த நாள். அந்த வாரம் எடுத்தால் மழைக்கு முன்பே திருப்பிவிடலாம். ஆடிக்காற்றில் அட்டை பறக்கும், வகுப்புக்குள்ளேயே விரியுங்கள்.