வீட்டுப்பாடத்துக்கு விடியக்காலையா, சாயங்காலமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகளில் இரண்டு கட்சி உண்டு. ஐந்து மணிக்கே எழுப்பி உட்காரவைப்பவர்கள், பள்ளி விட்டு வந்து சாயா குடித்த கையோடு உட்காரவைப்பவர்கள். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கும் ஐந்தாவது படிக்கும் மகனுக்கும் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நாங்கள் சாயங்காலத்துக்கு வந்துவிட்டோம், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

காலையின் நன்மை எல்லோருக்கும் தெரியும்: சத்தமில்லை, டிவி இல்லை, மனப்பாடம் நன்றாக ஏறும். சாயங்காலம் என்றால் களைப்பு, விளையாட்டு ஆசை. சரி.

ஆனால் பழக்கம் விட்டுப்போனால் மறுபடி பிடிக்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். கேரளப் பள்ளி வருடம் துண்டு துண்டாகத்தான் ஓடும். ஜூனில் திறந்ததுமே மழை, கலெக்டர் லீவு. ஓணப் பரீட்சை முடிந்தால் விடுமுறை, அப்புறம் பூஜை லீவு, கிறிஸ்துமஸ் பரீட்சை, மறுபடி விடுமுறை. ஐந்து மணிக்கு எழும் பழக்கம் ஒவ்வொரு லீவிலும் கலைந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முதலில் இரவுத் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள், அப்படியானால் ஒன்பது மணிக்கே தூங்கியாக வேண்டும், அந்த வயதிலோ உடம்பே தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. மகளைப் படுக்கச் சொல்லலாம், தூங்கு என்று சொல்லி என்ன பயன்?

சாயங்காலப் பழக்கத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் சாயாவோடு கட்டிவிட்டோம். லீவு நாளிலும் சாயா உண்டு, டம்ளரைக் கழுவி வைத்ததும் பத்து நிமிஷம் மலையாளம் வாசிப்பது மட்டும் உண்டு. பள்ளி திறந்த அன்று அதுவே முக்கால் மணி நேரமாக நீளும், சண்டையே இல்லை. மலையாளத்தில் சந்தேகம் வந்தால் அடுத்த வீட்டுச் சேச்சியிடம் கேட்கலாம், விடியக்காலையில் யாரைப் போய் எழுப்புவது? மகன் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் எழுதுவான். மகளுக்கு எந்தப் பாடம் முதலில் என்பதை அவளே முடிவு செய்துகொள்ள விட்டால் போதும், போன் மட்டும் அந்த நேரம் சமையலறையில் இருக்கும்.

எஸ்எஸ்எல்சி வருடத்துக்கு இது தாங்குமா என்று அவள் பத்தாவது போன பிறகுதான் சொல்ல முடியும். மாடு கறக்க நாலரைக்கே வீடு முழுக்க எழுந்துவிடும், எட்டரைக்குள் எல்லோரும் படுத்துவிடுவார்கள் என்றால் காலையையே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பிள்ளையைத் தனியாக எழுப்ப வேண்டிய வேலையே இருக்காது.