குரல் உடைபவரும் வாய் திறக்காதவரும்: கொழுந்து மடுவத்தில் ஓர் ஒப்பீடு

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். ஒரு நாள் மாலை, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில், ஈரத்துக்கும் சாக்குக்குமாக 2 கிலோ கழித்தேன்.

ஒரு அக்காவுக்கு உடனே குரல் உடைந்தது. "ஐயாவுக்கு எம்மேல என்ன கோவம்?" கிலோவைவிட என் முகம்தான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. இன்னொரு அக்கா சாக்கை உதறி மடித்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார். மூன்றாமவர், "இன்னைக்கு வெயில்தானே ஐயா, எதுக்கு ஈரக் கழிவு?" என்றார். உறுதியான பிணைப்பு உள்ளவரின், அதாவது மற்றவர் தன்னைக் கைவிடமாட்டார் என்று நம்புபவரின் பேச்சு இப்படித்தான் இருக்கும். கோபமும் உண்டு, கேள்வியும் உண்டு.

சிக்கல் மற்ற இரண்டில்தான். குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி உளவியல் ஆய்வாளர்களான ஜோன் போல்பியும் மேரி எய்ன்ஸ்வர்த்தும் சொன்னதை, 1990இல் ஹசான், ஷேவர் என்ற உளவியலாளர் இருவர் வேலையோடு பொருத்திப் பார்த்தார்கள். பதற்றப் பிணைப்பு உள்ளவர் வேலையிலும் தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார். விலகும் பிணைப்பு உள்ளவர் வேலைக்குள் புகுந்துகொண்டு மனிதரைத் தவிர்க்கிறார்.

முதலாமவரை நாங்கள் வாயாடி என்போம், இரண்டாமவரைத் தங்கமான ஆள் என்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அது தவறு. முதலாமவரின் அழுகை தராசைத் திரும்பப் பார்த்ததும் அடங்கியது. இரண்டாமவர் மூன்றாவது வாரம் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, வரவில்லை. கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு கழிவையும் மாதக்கணக்காக எண்ணி வைத்திருந்தார் என்று பக்கத்து லயத்தார் (தோட்டத்து வரிசை வீட்டுக்காரர்கள்) சொன்னார்கள். தாய் பிரிந்தபோது அழாமல் விளையாடிய குழந்தைகளுக்கும் இதயத்துடிப்பு ஏறியிருந்ததை ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். அந்த அக்காவின் அமைதியை நான் மனநிறைவு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் பேசாதவரெல்லாம் விலகும் பிணைப்புக்காரர் அல்ல. வாய் திறந்தால் நாளைக்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுமோ என்ற பயம் இங்கே உண்மையானது. குடியிருக்கும் லயமும் தோட்டத்துடையது. அதனால் யார் மேலும் பெயர் ஒட்டுவதில்லை.

இப்போது குரல் உடைபவரிடம், "கோவமில்ல அக்கா, வாங்க சேர்ந்து தராசப் பாப்போம்" என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பேசாதவரைக் கூட்டத்தில் கேட்பதில்லை. மறுநாள் காலையில் அவர் கொழுந்து எடுக்கும் நிரைக்குப் போய், கழித்த கிலோவையும் காரணத்தையும் நானே சொல்கிறேன்.