லண்டனில் சரக்கு இறக்க: மஞ்சள் கோடா, சிவப்புக் கோடா?

லண்டனில் டெலிவரி வேன் ஓட்டுபவர் முதலில் பார்ப்பது சாலையோரக் கோட்டின் நிறத்தைத்தான்.

இரட்டை மஞ்சள் கோட்டில் எந்நேரமும் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. ஆனால் சரக்கு ஏற்றி இறக்கப் பொதுவாகத் தடை இல்லை. அதற்கு நடைபாதையின் ஓரக்கல்லையும் கவனிக்க வேண்டும். அதில் குறுக்காக ஒரு மஞ்சள் பட்டை இருந்தால், பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் இறக்க முடியாது. இரண்டு பட்டை என்றால் எப்போதுமே முடியாது. எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது உள்ளூர் கவுன்சிலைப் பொறுத்தது. வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். அப்படியே டீ குடிக்கப் போனால் அபராதம்தான்.

சிவப்புக் கோட்டில் இந்தச் சலுகை கிடையாது. நகரச் சாலைகளில் சிவப்புக் கோட்டுச் சாலைகள் சுமார் 5 சதவீதம்தான், ஆனால் போக்குவரத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தாங்குகின்றன. அதனால்தான் இவ்வளவு கறார். இரட்டைச் சிவப்பு என்றால், சரக்கு இறக்கக்கூட நிறுத்தக் கூடாது. கட்டம் வரைந்த இடத்தைத் தேட வேண்டும்: வெள்ளைக் கட்டத்தில் பொதுவாகப் பகல் முழுக்க இறக்கலாம், சிவப்புக் கட்டத்தில் நெரிசல் நேரம் போக மற்ற நேரத்தில். இரண்டுக்கும் கால வரம்பு உண்டு.

ஃபிரிட்ஜ் மாதிரிக் கனமான சாமான் என்றால், சரி, பக்கத்துத் தெரு மஞ்சள் கோடே மேல். கொஞ்சம் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.