ஓயாத தூண்டலா, மூளையைக் கேட்டுத் தரும் தூண்டலா?

உடல் நடுங்கி விறைக்கும் பார்க்கின்சன் நோய்க்கு ஆழ்மூளைத் தூண்டல் என்றொரு சிகிச்சை உண்டு: மூளையை மின்சாரத்தால் தூண்டுவது. அதற்காக நோயாளிக்கு மூளைக்குள் மின்முனை வைத்தாயிற்று, மார்புத் தோலுக்கடியில் மின்சாரம் தரும் கருவியும் வைத்தாயிற்று. இனி அந்தக் கருவி எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதில்தான் போட்டி.

பழைய முறை, தொடர் தூண்டல். 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் நரம்பு அறுவை மருத்துவர் பெனபித்தின் குழு தொடங்கிவைத்த வழி இது. பெரும்பாலும் நொடிக்கு 130 துடிப்புகள், இரவும் பகலும் ஒரே அளவு. நடுக்கத்துக்கு அருமையாகக் கைகொடுக்கும். ஆனால் நோயாளியின் பொழுது ஒரே மாதிரி போவதில்லையே. இந்த நோய்க்கான லெவோடோபா மாத்திரையின் வேகம் இறங்கும்போது விரல்கள் விறைத்து, சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாது. அடுத்த மாத்திரை ஏறியதும் அதே கை தானாக நெளியத் தொடங்கும். இரண்டு நிலைக்கும் ஒரே மின்சாரம்தான். கூட்டினால் பேச்சு குழறலாம், குறைத்தால் உடல் இறுகும்.

புதிய முறையில், தூண்டும் மின்முனையே மூளையைக் கேட்கவும் செய்கிறது. விறைப்பும் மந்தமும் மிகும்போது அசைவைக் கட்டுப்படுத்த உதவும் ஆழ்மூளைப் பகுதியான துணைத்தாலமக் கருவில் பீட்டா அலை, அதாவது நொடிக்கு 13 முதல் 30 வரையிலான அதிர்வு, ஓங்கும். மருந்து ஏறினால் அடங்கும். அதற்கேற்பக் கருவி மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 2013-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 8 பேரிடம் சோதித்தபோது தூண்டல் நேரம் 56% குறைந்தது, அசைவோ தொடர் தூண்டலைவிட மேம்பட்டது. சிறிய, குறுகிய நேரச் சோதனைதான். ஆனாலும் கதவைத் திறந்தது அதுதான். 2025 பிப்ரவரியில் மெட்ரானிக் நிறுவனத்தின் இத்தகைய கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சிக்கலும் உண்டு. மூளையின் சைகை மைக்ரோவோல்ட் (வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவு, தூண்டும் துடிப்போ வோல்ட் அளவு. மேளச் சத்தத்துக்கு நடுவே கிசுகிசுப்பைக் கேட்பது போலத்தான். இதயத்துடிப்பும் உள்ளே கலந்துவிடும். கையை அசைத்தாலும், ஆழ்ந்து தூங்கினாலும் பீட்டா தாழும். நடுக்கமோ பீட்டாவோடு சரியாக ஒத்துப்போவதில்லை. அதனால் நடுக்கமே முதல் தொல்லை என்றால் தொடர் தூண்டலே போதும் என்பேன்.

இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை: கருவி கேட்கட்டும், முடிவை மருத்துவர் எடுக்கட்டும். இப்போது மின்முனையில் மின்சாரம் பாயும் தொடுபுள்ளிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. "விரலைத் தட்டுங்க, மணிக்கட்டைத் திருப்புங்க" என்று மணிக்கணக்கில் நடக்கும். எந்தப் புள்ளியில் பீட்டா அலை மிக ஓங்கியிருக்கிறதோ அங்கே தொடங்கினால் அலைச்சல் குறையும். வீட்டில் பதிவான பல நாள் அலையைப் பார்த்தால் மாத்திரை நேரத்தையும் மாற்றலாம். என் ஓட்டு முதலில் இதற்கே. இத்தனை செய்தும் விறைப்புக்கும் நெளிவுக்கும் இடையே தினமும் ஊசலாடுபவருக்கு மட்டும், அப்புறம் கடிவாளத்தைக் கருவியிடம் கொடுக்கலாம்.