இன்டீரியர் டிசைன்: கல்லூரியில் படிப்பதா, சொந்தமாகக் கற்பதா?

1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, பதிவு இல்லாமல் 'ஆர்க்கிடெக்ட்' என்று பலகை மாட்ட முடியாது. இன்டீரியர் டிசைனருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் சேலத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமே வருகிறது.

பி.டெஸ் (டிசைன் இளநிலைப் பட்டம்) என்றால் 4 வருடம். செலவு அதிகம், சரி. ஆனால் அளவு பிசகாமல் வரைவது, வெளிச்சம், மின்சார பாயிண்ட் எல்லாம் வரிசையாக வந்து சேரும். தப்பாக வரைந்தால் திருத்த ஆள் உண்டு. பெரிய நிறுவனங்கள் முதலில் பட்டத்தைத்தான் கேட்கும்.

சொந்தமாகக் கற்பவருக்கு ஸ்கெட்ச்அப் என்ற 3டி வரைகலை மென்பொருள் யூடியூபிலேயே வந்துவிடும். பொருளறிவு அப்படி வராது. ஆசாரிகளோடு நிற்க வேண்டும். உதாரணத்துக்கு, சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அங்கே சமையலறை சிங்க்குக்குக் கீழே ஐஎஸ் 303 எம்ஆர் ரக (ஈரப்பதத்தை மட்டும் ஓரளவு தாங்கும்) பிளைவுட் போட்டால் சீக்கிரமே ஊதிவிடும்; தண்ணீரைத் தாங்கும் ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் போட்டு, வெட்டிய விளிம்புகளையும் மூட வேண்டும். கீழே சேலத்தில் தொல்லையே வேறு, வெயில். மேற்குச் சுவரோடு அலமாரியை அடித்தால் அறைக்குள் சூடு இறங்குவது கொஞ்சம் மட்டுப்படும். (வாஸ்துவை மட்டும் இரண்டு தரப்புமே வாடிக்கையாளரிடம்தான் கற்கிறது!)

பிளஸ் டூ முடித்து, வீட்டில் பணமும் கட்ட முடியும் என்றால் என் ஓட்டு கல்லூரிக்கு. ஏற்கெனவே மரவேலையோ ஹார்டுவேர் கடையோ பார்ப்பவருக்கு ஆட்டோகேடும் (கணினியில் வரைபடம் போடும் மென்பொருள்) ஒரு சின்ன டிப்ளமோவும் போதும். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால், முதலில் ஏதாவது சைட்டில் ஆறு மாதம் உதவியாளாக நின்று பார்த்துவிட்டு அப்புறம் சேரலாம்.