தடித்துச் சாய்ந்த தமிழ் எழுத்து: கணினியில் சாய்ப்பதா, கவிவாணரா, கையால் வரைவதா?

மென்பந்துச் சுற்றுப்போட்டி பெனர், பஸ்ஸின் பக்கப் பெயர், திரீவீல் பின்கண்ணாடி ஸ்டிக்கர்: இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை இவற்றுக்குக் கேட்கப்படுவது தடித்துச் சாய்ந்த எழுத்துதான். ஆங்கிலத்தில் அப்படியே வரைந்த எழுத்துருக்கள் ஏராளம். தமிழில் குறைவு. அதனால் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அவசரத்துக்கு நேரான எழுத்துருவைக் கணினியில் சாய்ப்பார்கள். பலூ தம்பி 2 என்ற எழுத்துருவின் மிகத் தடித்த வடிவம் (800) இதற்கு நன்றாக ஈடுகொடுக்கும். முனைகள் உருண்டிருப்பதால் சிதைவு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சிதைவு உண்டு. வளைவின் வலது மேற்புறமும் இடது கீழ்ப்புறமும் தடிக்கும், மற்ற இரண்டும் மெலியும். சுழி நிறைந்த ண, ஞ இரண்டிலும் உடனே கண்ணை உறுத்தும். 12 பாகை சாய்த்தால் 10 செ.மீ. எழுத்தின் உச்சி 2.1 செ.மீ. வலப்பக்கம் போகும். மேலே நிற்கும் புள்ளி இன்னும் தள்ளிப்போகும், வட்டம் முட்டையாகும். எழுத்துகளை நெருக்கியும் வைத்தால் ‘ஹட்டன்’ என்பதில் நடுப்புள்ளி எந்த ட-வுக்கு உரியதென்று கண் தடுமாறும். எனவே 8 முதல் 10 பாகையோடு நிறுத்துங்கள். எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, புள்ளிகளை அழித்து, சரியான வட்டங்களைச் சற்று இடப்பக்கம் வையுங்கள். சாய்ந்த வடிவம் இல்லாத எழுத்துருவை வலைப்பக்கத்தில் சாய்க்கச் சொன்னால் இயல்பான கோணம் 14 பாகை. தமிழுக்கு அது அதிகம்.

இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் பிறவியிலேயே சாய்ந்த எழுத்துரு. சுழியும் புள்ளியும் சாய்வுக்கென்றே வரையப்பட்டவை, அந்த அழகு முதல் வழியில் வராது. குறை, ஒரே தடிப்பு. வெளிக்கோடு போட்டுத் தடிக்க வைத்தால், வெளியே 3 மி.மீ. கூடும்போது சுழியின் உள்வாய் இரு பக்கமுமாக 6 மி.மீ. சுருங்கும், ண அடைந்துவிடும். திருவிழா அழைப்பிதழுக்கு எடுங்கள், பெனருக்கு வேண்டாம்.

பல வருடம் நிற்கப்போகும் பஸ் பெயருக்கும் கழகப் பெயருக்கும் கையால் வரைவதையே நாங்கள் சொல்வோம். 10 செ.மீ. மேலே போனால் 1.8 செ.மீ. வலப்பக்கம் வரும்படி பென்சிலால் வழிகோடுகள் போட்டால் 10 பாகை கிடைக்கும். தட்டை முனைத் தூரிகையால் எழுதி, நேர் மேலிருந்து படமெடுத்து, அதன் மேலேயே கணினியில் கோடு வரைந்து தடம்பிடியுங்கள். பக்கவாட்டில் எடுத்த படம் கோணத்தையே மாற்றிவிடும். ர-வையும் கால் குறியையும் (ா) பிரிக்கும் அடிக்கோட்டை நீட்டவும் சுழிகளைத் திறந்துவிடவும் இங்கேதான் முடியும். நானுஓயாப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் அடைந்த சுழி வெறும் கறுப்புத் திட்டு.

எதை எடுத்தாலும் திகதி, இடம், தொலைபேசி எண் நேரான எழுத்தில் இருக்கட்டும். பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பொதுக் கணக்கு. தடித்த தமிழுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். ஸ்டிக்கர் வெட்டும்போது தனியாக நிற்கும் புள்ளிதான் மழையில் முதலில் உரியும், அதை இன்னும் பெரிதாக வெட்டுங்கள்.